ஐந்து எண்களில் ஒரு பெண்

"என் புருஷனுக்கு இன்னொருத்தி இருக்கா மேடம். பேரு தெரியாது. ஆனா நம்பர் தெரியும்."

"நம்பர் இருந்தா போதுமே, கூப்பிட்டே பேசிடலாம்" என்றான் டாமஸோ.

"போன் நம்பர் இல்ல. லாட்டரி நம்பர்."

எர்மினியா குடித்துக்கொண்டிருந்த காபியை மேஜையில் வைத்தாள். ஸமோரா நகரத்தில் பத்தொன்பது வருடமாகத் துப்பறியும் தொழில் செய்கிறாள். சந்தேகம் பிடித்த மனைவிகள் இதே மேஜையில் ஹோட்டல் பில் வைத்திருக்கிறார்கள், நீளமான தலைமுடி வைத்திருக்கிறார்கள், ஒருத்தி யாருடையதோ ஒரு பல்செட்டையே கொண்டுவந்து வைத்தாள். லாட்டரிச் சீட்டை வைத்தவள் இவள்தான் முதல்.

காஸில்டா கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக்கட்டுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சாந்தா கிளாரா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கணவன் எவரிஸ்தோ உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"எங்க கிடைச்சுது?"

"போர்டுல வட்டம் போடற பெரிய காம்பஸ் இருக்கில்ல, அந்த மரப்பெட்டில. அவன் பொருளாச்சேன்னு நான் தொட்டதே இல்ல. நேத்து பூச்சி மருந்து அடிக்கலாம்னு திறந்தேன்."

"பூச்சி கிடைச்சுதா?" என்றான் டாமஸோ.

எர்மினியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய உதவியாளன் டாமஸோ முன்பு டவுன் பஸ் ஓட்டியவன். ஊரின் சந்து பொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாயை மூடும் இடம் எது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் லாட்டரி என்றால் அவன் நடமாடும் அகராதி. ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஞாயிற்றுக்கிழமை லாட்டரி, பாஸ். அஞ்சு, பதினேழு, இருபத்து மூணு, நாப்பத்தொண்ணு, அம்பத்து மூணு." அடுத்த சீட்டை எடுத்தான். "அதே அஞ்சு." இன்னொன்று. "இதுவும் அதேதான். தேதியப் பாருங்க, ஒன்பது வருஷமா ஒரே அஞ்சு நம்பர். நான் என் முதல் பொண்டாட்டிகிட்டகூட இவ்வளவு விசுவாசமா இருந்ததில்ல."

"பாருங்க மேடம்" என்றாள் காஸில்டா. "அஞ்சு, பதினேழு. மே மாசம் பதினேழாம் தேதி. அது அவ பொறந்த நாள். எனக்கு அக்டோபர். நாப்பத்தொண்ணு அவ வயசு. எனக்குப் பதினோரு வயசு சின்னவ. இருபத்து மூணு, அவ வீட்டு நம்பரா இருக்கும். ராத்திரி பூரா யோசிச்சேன். அவ தலைமுடி நிறம்கூட எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"அம்பத்து மூணு?" என்றாள் எர்மினியா.

"அதுதான் புரியல. எடையா இருக்குமோ?"

"ஒன்பது வருஷமா வயசும் ஏறாம எடையும் ஏறாம இருக்காளா?" என்றான் டாமஸோ. "அந்த டாக்டர் அட்ரஸ் எனக்கு வேணும்."

காஸில்டா சிரிக்கவில்லை. "இதுல பெரிய கொடுமை என்ன தெரியுமா? ஏழெட்டு வருஷமா டிசம்பர் வந்தா பள்ளிக்கூடத்துல லாட்டரிப் பாடம் எடுக்கறவனே இவன்தான். எல்லா ஆட்டத்தையும் வரிசையா போர்டுல எழுதுவான். கிறிஸ்துமஸ் சீட்டுல முதல் பரிசு லட்சத்துல ஒண்ணு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மூணு கோடியே பதினாறு லட்சத்துல ஒண்ணு. ஐரோப்பா பூரா சேர்ந்து ஆடறது பதினாலு கோடியில ஒண்ணு. கடைசில பெருசா ஒரு வரி எழுதி அடிக்கோடு போடுவான். 'எவ்வளவு போனாலும் தூக்கம் கெடாதோ அவ்வளவுதான் ஆடணும்; அதை வீட்டில் சொல்லிவிட்டு ஆடணும்.' வீட்டுல வருஷத்துக்கு ஒரே ஒரு கிறிஸ்துமஸ் சீட்டு. அதுக்கு மேல வாங்குனா எனக்கே பாடம் எடுப்பான்."

எர்மினியா சீட்டுகளை வருட வாரியாக அடுக்கினாள். முதல் வருடச் சீட்டுகளில் ஒரே வரி. நான்காம் வருடம் பத்து வரி. இந்த ஆட்டத்தில் ஐந்து எண்களோடு பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரு சாவி எண்ணும் உண்டு. வரிக்கு ஒன்றாகப் பத்தையும் அடைத்திருக்கிறார். இந்த வருடச் சீட்டுகளில் வேறொன்று தெரிந்தது. 4, 16, 22, 40, 52 என்று ஒரு தொகுப்பு. 6, 18, 24, 42, 54 என்று இன்னொன்று.

"அவளுக்குத் தங்கச்சியும் அக்காவும் வேற இருக்காங்க போல" என்றான் டாமஸோ.

"இல்ல" என்றாள் எர்மினியா. "ஒவ்வொரு எண்ணையும் ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால நகர்த்தியிருக்கார். மயிரிழையில தவறிடுமோன்னு பயம். காதலிக்கிறவன் இப்படிப் பண்ண மாட்டான்."

"அப்ப வேற யாரு மேடம் பண்ணுவா?"

எர்மினியா சீட்டுகளில் அச்சான தேதிகளைப் பார்த்தாள்; எல்லாம் சனிக்கிழமை வாங்கியவை. "சனிக்கிழமைல எங்க போவார்?"

"செஸ் கிளப்புன்னு சொல்வான். பதினோரு மணிக்குப் போயி ஒரு மணிக்கு வருவான்."

*

சீட்டுகளில் முத்திரை குத்தியிருந்த நியெவெஸின் லாட்டரிக் கடை வாசலில் வரிசை தெருத் திருப்பம் வரை நின்றது. கிறிஸ்துமஸ் குலுக்கலுக்கு இன்னும் பதினோரு நாள். மூடுபனியில் நின்றவர்களின் வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

கிறிஸ்துமஸ் குலுக்கலில் ஒவ்வொரு கடையும் ஆபீஸும் ஒரே நம்பரை வாங்கித் தங்கள் ஆட்களுக்குப் பங்குபோட்டு விற்கும். டாமஸோ பாக்கெட்டிலிருந்து ஏழெட்டுச் சீட்டுகளை விசிறி போல விரித்துக் காட்டினான். "இது எங்க தெரு முடிவெட்டறவர் கடை நம்பர். இது பழைய பஸ் டிப்போ நம்பர். இது என் மச்சான் ஆபீஸ் நம்பர்."

"உன் மச்சான் ஆபீஸுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"அவனுக்கு மட்டும் விழுந்துட்டா? பாஸ், நான் பணக்காரன் ஆகலன்னாகூடப் பரவால்ல. ஆனா அவன் ஆயி, நான் அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? இந்த வரிசைல நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஆசைக்கு வாங்கல. வயித்தெரிச்சலுக்கு மருந்து வாங்கறாங்க."

கோட்டுப் பைக்குள் எர்மினியாவின் விரல்கள் ஒரு சீட்டைத் தொட்டன. அவளுடைய கட்டடத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் பல் டாக்டரின் நம்பர் அது. அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த நியெவெஸ் ஐந்து எண்களைக் கேட்டதுமே தலையாட்டினாள். "வாத்தியார்! சனிக்கிழமை பதினொண்ணேகாலுக்கு வருவார். குட்மார்னிங்கூடச் சொல்ல மாட்டார். திருடிட்டுப் போறவர் மாதிரி போவார்."

"முதல் நாள் ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? அன்னிக்கு அவருக்கு எந்த ஆட்டமும் தெரியாது. பிரிமித்தீவா சீட்டு கேட்டார். இதுல ஆறு நம்பர் வேணும், உங்ககிட்ட அஞ்சுதான இருக்குன்னேன். சரி, ஐரோப்பா பூரா ஆடற வெள்ளிக்கிழமை யூரோமில்யோனெஸ் குடுன்னார். அதுல அம்பதுக்கு மேல நம்பரே கிடையாதேன்னேன். கடைசில நானே சொன்னேன், அம்பத்து மூணு வேணும்னா ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒண்ணுதான், அதுலதான் அம்பத்து நாலு வரைக்கும் இருக்குன்னு. 'அப்ப அவன் ஆடுனதும் அதுவாத்தான் இருக்கும்'னு முணுமுணுத்தார்."

எர்மினியா நிமிர்ந்தாள். "அவன்னா சொன்னார்? அவள்னு இல்லையே?"

"அவன்தான். நல்லா ஞாபகம் இருக்கு."

"பாஸ்" என்று கிசுகிசுத்தான் டாமஸோ, "நம்ம பொண்ணுக்கு மீசை முளைக்குது."

நியெவெஸ் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசம் முன்னாடி நான் கேட்டேன் மேடம். சார், ஒரு வாரம் விட்டுப் பாருங்களேன்னு. எனக்கு வியாபாரம் போகும், ஆனா அவர் படற பாட்டப் பார்க்க முடியல. என்ன சொன்னார் தெரியுமா? 'நான் விடற வாரம்தான் அது வரும் நியெவெஸ்'ன்னார். சீட்டு வாங்கினா வீட்டுக்கும் போறதில்ல. நேரா ஆத்துப் பக்கம் நடப்பார்."

*

அந்தச் சனிக்கிழமை எவரிஸ்தோ பதினொன்றே காலுக்குக் கடையில் நுழைந்தார். பதினொன்று இருபதுக்கு வெளியே வந்து, சாம்பல் நிறக் கோட்டின் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு துவேரோ ஆற்றை நோக்கி நடந்தார். முப்பதடி பின்னால் எர்மினியாவும் டாமஸோவும் தொடர்ந்தார்கள்.

கல்பாலத்தின் நடுவில் டாமஸோ அவள் முழங்கையைத் தொட்டான். "பாஸ், நமக்குப் பின்னால ஒரு ஆள். பனில கறுப்புக் கண்ணாடி, தலைல சால்வை. விலைச்சீட்டு இன்னும் கண்ணாடிலயே தொங்குது."

எர்மினியா திரும்பாமலே பெருமூச்சு விட்டாள். "காஸில்டா."

"பீஸையும் குடுத்துட்டு வேலையையும் அவங்களே செய்றாங்க. இந்த மாதிரி கட்சிக்காரங்க தினம் வரட்டும்."

எவரிஸ்தோ பாலத்தைக் கடந்து, ஆற்றங்கரை மரத்தடியில் நின்றார். எதிரே 'பழைய ஆலை' உணவகம். தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல் கட்டடம். மாவரைத்த ஆலையைச் சாப்பாட்டு இடமாக மாற்றியிருந்தார்கள். வாசலில் பெரிய கார்கள். வறுத்த இறைச்சியின் மணம் சாலைவரை வந்தது. எவரிஸ்தோ உள்ளே போகவில்லை. கைகளைப் பையில் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள பரிமாறற பொண்ணுங்க மூணு பேர்" என்றான் டாமஸோ. "அதுல ஒருத்திக்கு நாப்பத்தொண்ணு இருக்கலாம்."

"அவர் பொண்ணுங்களப் பார்க்கல. கட்டடத்தப் பார்க்கறார். கூரையிலேர்ந்து வாசப்படி வரைக்கும். வா, உள்ள போவோம்."

மரக் கவுன்டருக்குப் பின்னால் உரிமையாளன் பால்தொமேரோ நின்றிருந்தான். ஐம்பத்தைந்து வயது, அகன்ற தோள், விரலில் கனத்த மோதிரம். அவன் தலைக்கு மேலே பளபளவென்று தேய்த்த பித்தளைத் தகடு ஒன்று ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது.

5 – 17 – 23 – 41 – 53. கீழே, 'இந்த வீடு இவை தந்தது.'

டாமஸோவின் வாய் திறந்தது. முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

"கேள்விப்பட்டதில்லையா?" பால்தொமேரோ இரண்டு கிளாஸ் வைன் ஊற்றி, ஆட்டுப்பால் சீஸ் தட்டை நகர்த்தினான். ஆயிரம் தடவை சொன்ன கதை, வழுக்கிக்கொண்டு வந்தது. "ஒன்பது வருஷம் முன்னாடி. ஒரு வெள்ளிக்கிழமை. நான் அப்ப லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். வழில பெட்ரோல் போடற இடத்துல சும்மா ஒரு சீட்டு வாங்கினேன். மனசுல வந்த அஞ்சு நம்பர். யூரோமில்யோனெஸ்ல முதல் பரிசு இல்ல, ரெண்டாவது. ஆனா ஒரு மனுஷனுக்கு அது போதும்."

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் எர்மினியா.

"வெள்ளிக்கிழமை. மறக்க முடியுமா அந்த நாள?"

எர்மினியா தகட்டை இன்னொரு தடவை பார்த்தாள். சீஸ் துண்டு ஒன்றை எடுத்து மெதுவாக மென்றாள். அவள் இப்படி மென்றால் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்பது டாமஸோவுக்குத் தெரியும்.

கதவு படாரென்று திறந்தது. சால்வை தோளில் சரிய, கறுப்புக் கண்ணாடியோடு காஸில்டா நின்றாள்.

"எங்க அவ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பரிமாறும் பெண்கள் மூவரும் அவரவர் தட்டைக் கேடயம் போலப் பிடித்தார்கள். காஸில்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கவுன்டரில் பார்வை முட்டி நின்றது.

"காஸில்டா" என்றான் பால்தொமேரோ. அவன் குரலில் இருந்த வழுக்கல் போய்விட்டது. "முப்பது வருஷம் ஆச்சு இல்ல? கடைசில வந்துட்ட."

"உன்னப் பார்க்க வரல."

பிறகு அவள் தகட்டைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். உதடுகள் ஐந்து தடவை அசைந்தன.

"உங்களுக்கும் இவருக்கும் என்ன?" என்று எர்மினியா மெதுவாகக் கேட்டாள்.

"நிச்சயமாகியிருந்தது. நான்தான் வேண்டாம்னேன். அடுத்த வருஷம் எவரிஸ்தோவக் கட்டிக்கிட்டேன்." அவள் கண்களைத் தகட்டிலிருந்து எடுக்கவே இல்லை. "இவனுக்கு லாட்டரி விழுந்துதுன்னு ஊரே சொல்லிச்சு. எவரிஸ்தோவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நான் இந்த வாசப்படி மிதிச்சதில்ல. இவன் நம்பர் இவன் சுவத்துல இருக்கு. அது எதுக்கு என் புருஷன் பெட்டில இருக்கு?"

"அத நான் சொல்றேன்."

எவரிஸ்தோ வாசலில் நின்றிருந்தார். மனைவி அந்தக் கதவுக்குள் நுழைவதை மரத்தடியிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. கண்ணாடியில் பனி படிந்து கண்கள் தெரியவில்லை.

"ஒன்பது வருஷமா இதுக்குத்தான் பயந்தேன்" என்றார். "ஒரு நாள் நீ இங்க வருவேன்னு. வந்துட்ட."

"பைத்தியமா உனக்கு? நான் உன் பின்னாலதான் வந்தேன்! உன் வைப்பாட்டியத் தேடி!"

"என்னோட யாரு?"

"மே பதினேழுல பொறந்தவ!"

எவரிஸ்தோவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு போல ஏதோ வந்து, பாதியில் நின்றது.

"இது திறந்த வாரம் எங்க ஹெட்மாஸ்டர் ரிடையர்மென்ட் விருந்து இங்க நடந்துச்சு" என்றார். யாரையும் பார்க்காமல், வகுப்பில் பின்வரிசைச் சுவரைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினார். "அந்தத் தகட்டுக்கு நேரா உக்கார வெச்சாங்க. ரெண்டு மணி நேரம். மனப்பாடம் ஆயிடுச்சு. வீட்டுக்குப் போனா நம்ம சமையலறைல குழாய் ஒழுகுது. நீ துணி சுத்திக்கிட்டிருந்த. இவன கட்டியிருந்தா இவ இப்படி நிக்க வேண்டியதில்லன்னு தோணிச்சு. இவனுக்கு விழுந்த அதே எண் எனக்கும் விழுந்தா கணக்கு நேராயிடும். அவ்வளவுதான் நினைச்சேன். ஒரு வாரம்னு ஆரம்பிச்சேன்."

"நான் எப்பவாவது ஏங்கினதப் பார்த்தியா? ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

"பாலத்த தாண்டும்போதெல்லாம் பேச்ச நிறுத்திடுவ. இந்தக் கட்டடம் கண்ல பட்டதும் வாய மூடிக்குவ. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அந்தப் பாலத்துல காத்து அடிக்கும்டா!" என்று கத்தினாள் காஸில்டா. "வாயத் திறந்தா எனக்குத் தொண்ட கட்டிக்கும்! அதுக்காடா ஒன்பது வருஷம்?"

உணவகத்தில் ஒரு கரண்டி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் வடிந்து வேறொன்று வந்தது. "வேற ஒருத்தி இருந்திருந்தாகூடத் தேவலாம். அவகிட்ட போயி சண்டையாவது போட்டிருப்பேன். சனிக்கிழமை சனிக்கிழமை நீ நினைச்சது இவனத்தான். என்னைய இல்ல. இவன் மேல எனக்கு வர்ற வயித்தெரிச்சல் இருக்கே..."

கவுன்டருக்குப் பின்னால் பால்தொமேரோ ஒரே கிளாஸை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிறு திருப்தி ஊறியதை எர்மினியா கவனித்தாள். அந்தத் திருப்தியைப் பார்த்த பிறகுதான் அவள் பேசத் தீர்மானித்தாள்.

"சார், நீங்க கணக்கு வாத்தியார். ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை நடக்கற யூரோமில்யோனெஸ்ல எத்தனை வரைக்கும் நம்பர் இருக்கு?"

"அம்பது" என்றார் எவரிஸ்தோ, யோசிக்காமல். "போர்டுல வருஷா வருஷம் எழுதறேன். ஒண்ணுலேர்ந்து அம்பது. கூட ரெண்டு நட்சத்திரம்."

"இவர் அந்தத் தகட்டுல இருக்கற நம்பர வெச்சு யூரோமில்யோனெஸ் ஜெயிச்சதா இப்பத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை. மறக்கவே முடியாத நாளாம்."

எவரிஸ்தோ தலையை உயர்த்தினார். கண்ணாடியைக் கழற்றி, கோட்டின் உள்பக்கத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசி எண்ணில் அவர் பார்வை நின்றது.

"அம்பத்து மூணு" என்றார். "அது அங்க கிடையாது."

"பிரிமித்தீவா?" என்றாள் எர்மினியா.

"ஆறு எண். நாப்பத்தொன்பதோட முடிஞ்சுது."

"தினம் நடக்கறது?"

"அதுவும் நாப்பத்தொன்பதுதான்" என்றான் டாமஸோ. தலையில் அடித்துக்கொண்டான். "பாஸ், நான் இந்தத் தகட்டையேதான் பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கே தோணலையே!"

"ஜெயிச்சவன் கதை சொல்றப்ப யாரும் கணக்குப் பார்க்கறதில்ல. வயிறு எரியறதுல கண்ணு மறைஞ்சிடுது." எர்மினியா கவுன்டரில் முழங்கையை ஊன்றினாள். "ஒரு தடவை சீட்டு வாங்கின ஆளுக்குக்கூட எது வரைக்கும் நம்பர் இருக்குன்னு தெரியும். நீங்க வாழ்க்கைல ஒரு சீட்டாவது வாங்கியிருக்கீங்களா, பால்தொமேரோ?"

கிளாஸ் துடைத்த துணி நின்றது. அகன்ற தோள்கள் இறங்கின.

"இல்ல" என்றான்.

"அப்ப இந்த இடம்?"

"மாமா செத்துப்போயி தோரோ பக்கம் திராட்சைத் தோட்டம் எனக்கு வந்துச்சு. வித்தேன். அதச் சொன்னா 'மாமன் சொத்து'ன்னு சொல்வாங்க. லாட்டரின்னா அதிர்ஷ்டம் தேடி வந்தவன்னு பார்ப்பாங்க." அவன் காஸில்டாவைப் பார்க்கவில்லை. "நீ மோதிரத்தத் திருப்பிக் குடுத்த அன்னிக்கு ஊரே சொல்லிச்சு, பொண்ணு பிழைச்சுதுன்னு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நீங்க ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டுப் போவீங்க. நான் லாரியிலேர்ந்து பார்ப்பேன். ஒரே ஒரு தடவை உனக்கு வயிறு எரியணும்னு நினைச்சேன். நீ காதுலயே போட்டுக்கல. எரிஞ்சது இவனுக்கு."

பால்தொமேரோ துணியைக் கவுன்டரில் போட்டான்.

காஸில்டா தன் கணவன் தோளில் கை வைத்தாள். "எந்திரி. முடிஞ்சுது. இல்லாத ஒண்ண ஒன்பது வருஷமா துரத்தியிருக்க. வா, வீட்டுக்குப் போவோம்."

எவரிஸ்தோ எழுந்திருக்கவில்லை. கோட்டின் உள்பைக்குள் கை போயிற்று. காலையில் வாங்கிய சீட்டு வெளியே வந்தது.

"நாளைக்குக் குலுக்கல் இருக்கு" என்றார்.

"அவன் ஜெயிக்கவே இல்லடா. அந்த நம்பர் வெறும் பொய்."

"தெரியுது. அவன் சொன்னது பொய். ஆனா நாளைக்கு இந்த அஞ்சும் வந்துட்டா, அது பொய்யில்லையே." அவர் சீட்டின் மடிப்பை நீவிக்கொண்டார். "மூணு கோடியே பதினாறு லட்சத்துல ஒண்ணு. போர்டுல எழுதறவனே நான்தான். ஒவ்வொரு வாரமும் புதுசா அதே மூணு கோடி, போன வாரம் ஆடினதால குறையாது. எல்லாம் தெரியும் காஸில்டா. ஆனா என்னால நிறுத்த முடியல. இவன் மேல இருந்த எரிச்சல் இப்ப போயிடுச்சு, சத்தியமா. இது மட்டும் போகல."

காஸில்டா அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்த வேகமெல்லாம் அவளிடம் இப்போது இல்லை. கண் பரிசோதனைக்கு வரும் கிழவர்களிடம் பேசுவது போல நிதானமாகக் கேட்டாள். "என்ன பண்ணலாம் சொல்லு. தனியா முடியாதுன்னா என்ன பண்ணலாம்?"

"நியெவெஸ்கிட்ட சொல்லணும், எனக்கு விக்க வேண்டாம்னு. இந்தப் பழக்கத்த விட நினைக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல புதன்கிழமை ஒரு கூட்டம் நடக்குது. மாணவன் ஒருத்தனோட அப்பாவ நான்தான் அனுப்பி வெச்சேன்." அவர் வெட்கத்தோடு நிமிர்ந்தார். "ஆனா இந்தச் சீட்டு. என்கிட்ட இருந்தா பார்ப்பேன். உன்கிட்ட இருந்தா கேட்டு உயிர எடுப்பேன். கிழிச்சாலும் நம்பர் மனசுல இருக்கு."

அவர் சீட்டை எர்மினியாவிடம் நீட்டினார்.

"விழுந்துட்டா?" என்றான் டாமஸோ, அடக்க முடியாமல்.

"விழுந்தா அவங்க வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிப்பேன்" என்றாள் எர்மினியா. "இல்லன்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வெளியே போகும்போது காஸில்டா கவுன்டர் பக்கம் திரும்பினாள். பால்தொமேரோ ஸ்டூலில் ஏறித் தகட்டின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

*

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு டாமஸோ பத்திரிகையோடு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். எர்மினியா சீட்டை மேஜையில் விரித்தாள். இருவரும் குனிந்தார்கள்.

பதினேழு வந்திருந்தது. மற்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் நகர்த்திய வரிகளிலும் இல்லை.

டாமஸோ நாற்காலியில் சாய்ந்தான். "அப்பாடா! உடனே போன் பண்ணுங்க பாஸ். கேட்டா மனுஷன் நிம்மதியா மூச்சு விடுவார்."

"மாட்டேன்."

"நல்ல சேதிதான? வரலன்னு சொல்றதுல என்ன?"

"இந்த வாரம் வரலன்னு சொன்னா, அடுத்த வாரம் வந்துச்சான்னு கேட்பார்."

டாமஸோ யோசித்தான். பிறகு தன் பாக்கெட்டிலிருந்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தான். "அப்ப நான்?"

"எவ்வளவு வாங்கறேன்னு வீட்டுல சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"சாயங்காலம் போயிச் சொல்லு. சொல்லும்போது சிரிப்பு வந்தா வெச்சுக்க. வரலன்னா என்கிட்ட வா."

அவன் வழக்கம் போல ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தொலைபேசி அடித்தது. எர்மினியா எடுத்தாள். எதிர்முனையில் பிள்ளைகளின் இரைச்சல். இடைவேளை நேரம்.

"மேடம், எவரிஸ்தோ பேசறேன். நேத்து ரெண்டு பேரும் நாள் பூரா வெளிய சுத்தினோம். டிவி போடல. பேப்பர் பார்க்கல. ஆனா இப்ப..." குரல் தாழ்ந்தது. "ஒரே ஒரு வார்த்த. பார்த்தீங்களா?"

எர்மினியா எதிரே விரிந்து கிடந்த பத்திரிகையைப் பார்த்தாள். பொய் சொன்னவர்களைப் பிடித்துக் கொடுத்தே பத்தொன்பது வருடம் சாப்பிட்டிருக்கிறாள்.

"இல்ல சார். நான் பார்க்கல. பார்க்கவும் மாட்டேன்."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு கொஞ்சம் மெதுவாக. பள்ளி மணி கணகணவென்று அடித்தது.

"வகுப்பு இருக்கு, போகணும்" என்று எவரிஸ்தோ போனை வைத்தார்.